ஊரெல்லாம் ஒரே கை

ஓவிய டீச்சர் பிறந்தது முடிதிருத்தும் கடையில். அவருடைய அப்பா ஒரு வாடிக்கையாளரின் இடது கன்னத்தை வழித்து முடித்துவிட்டு, வலது கன்னத்துக்கு நுரை போட்டுக்கொண்டிருந்தார். கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையிலிருந்து குழந்தையின் குரல் கேட்டது. கத்தியை வைத்துவிட்டு உள்ளே ஓடியவர் அன்றைக்குத் திரும்பி வரவில்லை. அந்த வாடிக்கையாளர் நாள் முழுக்க அலுவலகத்தில் ஒரு பக்கமாகவே திரும்பி உட்கார்ந்திருந்தாராம். அதில் கழுத்து சுளுக்கிக்கொண்டது என்றும், மறுநாள் மிச்சக் கன்னத்தோடு சேர்த்துச் சுளுக்கையும் அப்பாவே எடுத்துவிட்டார் என்றும் சொல்வார்கள். ஆக, தன் பொருட்டு ஒரு மனிதர் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி ஆடாமல் அசையாமல் உட்காரும் பாக்கியம் டீச்சருக்குப் பிறந்த அன்றைக்கே வாய்த்துவிட்டது.

கடையில் இரண்டு நாற்காலி, எதிரே இரண்டு கண்ணாடி, ஓரமாக ஒரு முக்காலி. முக்காலி குழந்தையுடையது. மடியில் கிழித்த நாட்காட்டித் தாள், விரலில் கரித்துண்டு. நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தாலும் அப்பா முதலில் ஒரு பெரிய வெள்ளைத் துணியை உதறிப் போர்த்தி, கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போடுவார். அதன் பிறகு பெரிய மனிதர், சின்ன மனிதர் என்ற பேதம் கிடையாது. எல்லாரும் பஞ்சு மூட்டை மேல் வைத்த பூசணிக்காய்தான். சிறுமி பூசணிக்காய்களை வரைந்து தள்ளினாள். யாருக்குக் காது எங்கே ஒட்டுகிறது, யாருக்குத் தாடைக்குக் கீழே இரண்டாவது தாடை தொடங்குகிறது, பொய் சொல்லும்போது யாருடைய புருவம் தூக்குகிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்பே முகம் வரையத் தெரிந்துவிட்டது.

கை மட்டும் தெரியாது. எப்படித் தெரியும்? கை என்பது துணிக்கு அடியில், மூக்கு அரிக்கும்போது மேலே வரப் பார்த்து வழி தெரியாமல் தவிக்கும் ஒரு மேடு. அவ்வளவுதான்.

ஓவியப் பள்ளியில் சேர்ந்த பிறகுதான் மனிதர்களுக்குக் கையும் உண்டு என்ற வில்லங்கம் அவளுக்குப் புரிந்தது. முகத்தை வரைந்தால் வகுப்பே எழுந்து வந்து பார்க்கும். கை வரைந்தால் ஐந்து விரலும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகள் மாதிரி ஆளுக்கொரு திசையில் நிற்கும். அதனால் அவள் வரைந்த மனிதர்கள் எல்லாரும் சட்டைப்பையில் கை விட்டிருந்தார்கள், முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள், மடியில் பூனையை வைத்து அதன் வயிற்றுக்கு அடியில் செருகியிருந்தார்கள்.

ஆசிரியர் ஒருநாள் படங்களை வரிசையாகப் புரட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, உன் ஆளுங்க எல்லாரும் எதையாவது திருடிட்டு வந்து மறைச்சு வச்சிருக்காங்களா?"

"குளிருது சார், அவங்களுக்கு."

"சரி. வெயில் காலத்துல என்ன பண்ணப்போற?"

வெயில் காலம் வந்தது. பெண்கள் பள்ளி ஒன்றில் ஓவிய டீச்சர் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் ஒரு கைக்கடிகாரம் வாங்கினார். அது வாங்கிய வாரமே நின்றுபோனது.

கடிகாரக்காரரின் கடை ஒரு அலமாரி அகலம்தான் இருக்கும். ஒரு கண்ணில் குழல் கண்ணாடியைச் செருகிக்கொண்டு, கடுகில் பாதி அளவுள்ள திருகாணியை இடுக்கியால் பிடித்து, அதற்குரிய துளையில் இறக்கிக்கொண்டிருந்தார். இறக்கும்வரை மூச்சு விடவில்லை. டீச்சர் எதிரே நின்று பார்த்தார். பிறந்ததிலிருந்து அவர் பார்த்த கைகளிலேயே ஆடாமல் நின்ற முதல் கை அதுதான்.

"வாட்ச் இன்னும் ரெடியாகலைங்க. நாளைக்கு வாங்க."

"வாட்ச் கிடக்கட்டும். கையை எடுக்காதீங்க."

"எதை?"

"கையை. அப்படியே வச்சிருங்க. மூச்சு வேணா விட்டுக்குங்க."

பையிலிருந்து தாளை எடுத்து அங்கேயே நின்றபடி வரைந்தார். நீண்ட விரல்கள், மெல்லிய மணிக்கட்டு. எப்போதோ சுருள்வில் ஒன்று தெறித்து அடித்ததில் நுனி லேசாக வளைந்த சுண்டுவிரல். கடிகாரத்தின் பின்மூடியை நெம்பித் திறப்பதற்காக வளர்த்து வைத்த கட்டைவிரல் நகம். ஐந்து விரலும் முதல் தடவையாக ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை மாதிரி தாளில் வந்து உட்கார்ந்தன.

அந்த ஆண்டில் அந்தக் கைக்கடிகாரம் எத்தனை தடவை தண்ணீரில் விழுந்தது என்பதற்குக் கணக்கே இல்லை. கடைசியில் கடிகாரக்காரரே சொல்லிவிட்டார்: "இதுக்கு ரெண்டு யோசனை இருக்குங்க. ஒண்ணு, வாட்சுக்கு நீச்சல் சொல்லிக்குடுக்கணும். இல்ல, நாம கல்யாணம் பண்ணிக்கணும்."

கல்யாணம்தான் சுலபமாக இருந்தது.

கடிகாரக்காரருக்கு ஒரு அக்கா. வாயைத் திறந்தால் பூட்டைத் திறந்த மாதிரி. மூடுவதற்குச் சாவி கிடையாது. டீச்சருக்கு நாத்தனார் ஆனாலும் அவரும் 'அக்கா' என்றுதான் கூப்பிட்டார். அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்: "முதல் முதல்ல வீட்டுக்கு வந்தவ என் தம்பி மூஞ்சிய ஏறெடுத்தும் பாக்கல. கையையே பாத்துக்கிட்டிருந்தா. ரேகை ஜோசியக்காரியைக் கூட்டிட்டு வந்துட்டானோன்னு நான் என் கையை முந்தானைக்குள்ள ஒளிச்சுக்கிட்டேன்."

பகலில் பள்ளி, மாலையில் ஆட்களை உட்காரவைத்துப் படம். முதலில் வந்தவர் ரொட்டிக்கடையம்மா. புருஷன் போன பிறகு கடையைத் தூக்கி நிறுத்தியவர்; கல்லாவுக்கு மேல் தன் படம் தொங்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். முகம் அபாரமாக வந்தது. கைக்கு வந்ததும் அம்மா இரண்டு கையையும் முன்துணிக்குள் மறைத்துக்கொண்டார். அடுப்புத் தட்டுகள் சுட்ட தழும்பு, முழங்கைவரை ஏணிப்படி மாதிரி ஏறியிருந்தது.

"மூஞ்சி போதும், டீச்சர். கை வேணாம்."

"கை இல்லாம எப்படிம்மா? பொம்மை மாதிரி இருக்குமே."

"வேற யாரோடதையாவது வச்சுக்கோ. இந்தக் கைய மாட்டி வச்சா கடைக்கு வர்றவன் ரொட்டிய மறந்துட்டு மருந்து பேரு சொல்லுவான்."

டீச்சருக்குத் தெரிந்த கை ஒன்றே ஒன்றுதான். அன்று மாலை கடையைச் சாத்திவிட்டு வந்த கணவரை உட்காரவைத்தார். முட்டிமேல் தலையணை, தலையணைமேல் கை. படம் முடிந்ததும் ரொட்டிக்கடையம்மா ரொம்ப நேரம் பார்த்தார். "இது என் கை இல்ல," என்றார். பிறகு, "நல்லாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

அப்படி ஆரம்பித்த பழக்கம். பிறகு வந்தவர்கள் யாரும் கையைக் காட்டமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் முகத்துக்கு உட்காரும் மனிதர் கைக்கு உட்காருவதில்லை. முகம் முடிந்ததும் எல்லாருக்கும் அவசர வேலை வந்துவிடும். "கையெல்லாம் நீங்களே பாத்துப் போட்டுக்குங்க, டீச்சர்," என்று எழுந்துவிடுவார்கள். டீச்சரும் பார்த்துப் போட்டுக்கொண்டார்.

படத்தில் நீதிபதியம்மாவின் மடியில் விசிறி பிடித்தது கடிகாரக்காரர். அப்போது அவர் கையில் இருந்தது கழுவி வைத்த கரண்டி. பல் டாக்டருக்காகக் கனமான புத்தகத்தை விரித்துப் பிடித்தார். ஓய்வுபெற்ற படைத்தலைவருக்காக வாளின் பிடியை இறுக்கினார். அது அக்காவின் குடை. இசை வாத்தியாருக்காக, இல்லாத பியானோவின் மேல் விரல்களைப் பரப்பியபடியே உட்கார்ந்து தூங்கிப்போனார். தூக்கத்தில் தலை நாற்காலிக்கு வெளியே தொங்கும், வாய் திறந்துகொள்ளும். கை மட்டும் இம்மி நகராது. தொழில் பழக்கம்.

அக்கா தட்டோடு வந்து வாசலில் நின்று கேட்பார்: "இன்னிக்கு என் தம்பி யாரு?"

"நீதிபதியம்மா, அக்கா."

"அப்படின்னா கோப்பைக்கு அடித்தட்டு வச்சுத்தான் காபி குடுக்கணும். நேத்து யாரு?"

"தபால்காரர்."

"அதான் நிக்கவச்சே குடுத்துட்டேன்."

கை வேலையாக இருப்பதால், பிஸ்கட்டைக் காபியில் நனைத்துத் தம்பியின் வாயில் ஊட்டிவிடுவதும் அக்காதான். "இந்த வயசுல உனக்கு ஊட்டறேன் பாரு. அம்மா இருந்திருந்தா பெருமைப்பட்டிருப்பா." அவர் மென்றுகொண்டே சிரிப்பார். சிரித்தாலும் கை ஆடாது.

இத்தனை வீட்டில் ஒரே கை தொங்கியும் யார் கண்ணிலும் படவில்லையா என்றால், படவில்லை. தன் வீட்டில் தன் படத்தைப் பார்க்கிறவர், 'நான் எவ்வளவு அழகு' என்று பார்ப்பார். அடுத்த வீட்டில் அடுத்தவர் படத்தைப் பார்க்கிறவர், 'இவருக்கு இவ்வளவு அழகு ஏது' என்று பார்ப்பார். இரண்டுக்கும் நடுவில் கையைப் பார்க்க ஆளேது? ஒரே ஒரு மாற்றம்தான் நடந்தது. நீதிபதியம்மா தன் படத்தில் கட்டைவிரல் நகம் நீளமாக இருப்பதைக் கவனித்து, 'ஓ, எனக்கு இப்படி இருந்தால்தான் எடுப்பு போலிருக்கிறது' என்று நகத்தை வளர்த்தார். அவரைப் பார்த்து அவர் தோழிகள் வளர்த்தார்கள். பல் டாக்டரும் வளர்த்தார். அவரிடம் வாயைத் திறந்தவர்கள் அந்த நகத்தைப் பார்த்துவிட்டு வலியே இல்லை என்று எழுந்து ஓடினார்கள். இரண்டே வருடத்தில், ரொட்டிக்கடையம்மா தவிர, படம் வரைந்துகொண்ட அத்தனை பேரின் கட்டைவிரலிலும் கடிகாரம் திறக்கும் நகம்.

ரகசியம் தெரிந்தது டாக்டர் வீட்டு நாய்க்கு மட்டும். கூடத்தில் தொங்கிய எஜமானர் படத்தின் கீழே படுத்து, அந்தக் கையை அண்ணாந்து பார்த்துப் பார்த்து வளர்ந்த நாய் அது. ஒருநாள் கடைத்தெருவில் டாக்டரின் பிடியை அறுத்துக்கொண்டு ஓடி, கடிகாரக் கடைக்குள் பாய்ந்து, கடிகாரக்காரரின் இரண்டு கையையும் நக்கித் தீர்த்துவிட்டது. "என் கையை ஒருநாளும் இது நக்கினதில்லையே," என்று டாக்டருக்கு ஒரே மனத்தாங்கல்.

பள்ளியில் டீச்சர் இன்னொரு மனுஷி. வகுப்பில் அவர் சொன்ன பாடம் ஒன்றுதான்: "எதிர்ல இருக்கறத வரை. மனசுல இருக்கறத வீட்டுல வச்சுட்டு வா." கடன் வாங்கிய கண்ணையும் நினைவில் இருந்த காதையும் அவர் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். ஒரு பெண் யாரை வரைந்தாலும் ஒரே மூக்கைப் போட்டாள். தலைமையாசிரியைக்கும் அதே சப்பை மூக்கு, காவல்காரருக்கும் அதே சப்பை மூக்கு.

"இது யார் மூக்கு?"

"என் தம்பி மூக்கு, டீச்சர்."

"அவன் மூக்க அவனுக்கே விட்டுடு."

பூஜ்யம். அந்தப் பெண் ஓவிய வகுப்பில் ஒரு வருடம் அதே பெஞ்சில் மறுபடி உட்கார்ந்தாள். 'மூக்கு' என்று பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் ரோஷக்காரி. அந்த ஒரு வருடத்தில் கண்ணில் பட்ட மூக்கையெல்லாம் வரைந்து, ஓவியப் பள்ளிக்குப் போய், பின்னாளில் அதே பள்ளிக்கு இளைய ஓவிய டீச்சராக வந்து சேர்ந்தாள். பிள்ளைகள் 'மூக்கு டீச்சர்' என்றார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "எங்க டீச்சர் குடுத்த பட்டம்டி இது. எதிர்ல இருக்கறத வரையணும்னு அவங்கதான் எனக்குச் சொல்லிக்குடுத்தாங்க," என்பாள். அப்படி அவள் சொல்லும்போதெல்லாம் ஓவிய டீச்சருக்கு நெஞ்சுக்குள் ஒரு சின்ன முள் அசையும். வீட்டுக்குப் போனால் தலையணைமேல் கை காத்திருக்கிறது.

ஓய்வுபெறும் நாள் நெருங்கியது. மூக்கு டீச்சர் ரகசியமாக ஒரு வேலை செய்தாள். ரொட்டிக்கடை வண்டியை இரவல் வாங்கி, வீடு வீடாகப் போய், டீச்சர் வரைந்த படங்களையெல்லாம் திரட்டினாள். பள்ளி மண்டபத்தில் ஒரே வரிசையாக மாட்டிக் கண்காட்சி வைக்கிறாளாம். டீச்சருக்கு விஷயம் தெரிந்தபோது அழைப்பிதழே அச்சாகிவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அத்தனையும் ஒண்ணா மாட்டப்போறா. எல்லாத்தையும் ஒரே மட்டத்துல."

"நல்லதுதானே," என்றார் கடிகாரக்காரர்.

"என்ன நல்லது? வரிசையா பாத்தா உங்க கை தெரியாதா?"

"என் கை அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"ஊர் சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டுங்க. அந்தப் பொண்ணு பாப்பாளே. ஒரு மூக்குக்காக அவள ஒரு வருஷம் உக்காரவச்சேன். நான் ஊருக்கே ஒரு கைய மாட்டிவிட்டிருக்கேன். நான் சொன்ன ஒரு வார்த்தைய வச்சு அவ ஒரு வாழ்க்கையே கட்டியிருக்கா. அந்த வார்த்தையே பொய்னு ஆயிடாதா?"

அக்கா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தார்: "பேசாம, எல்லாப் படத்துக்கும் இடுப்புவரைக்கும் துணி கட்டிவிட்டுடு. குளிருதுன்னு சொல்லிக்கலாம். உனக்குப் பழக்கம்தானே."

டீச்சர் அதையும் செய்து பார்த்தார். வெளிச்சம் பட்டால் சாயம் வெளுக்கும் என்று சொல்லி, மண்டபத்துக்குத் துணியோடு போனார். மூக்கு டீச்சர் துணியை மரியாதையாக வாங்கி, மேசை துடைக்க வைத்துக்கொண்டாள். வாரம் முழுக்க மண்டபச் சுவரில் ஆணி அடிக்கிற சத்தம். ஒவ்வொரு ஆணியும் தன் தலையில் இறங்குவதாக டீச்சருக்கு இருந்தது.

கடைசியில் மிஞ்சியது ஒரே வழி. படத்தில் இருக்கும் கை ஒன்றாகவே இருந்தாலும், உயிரோடு இருக்கும் கை கண்ணில் படாவிட்டால், அது டீச்சரின் பாணி என்று சொல்லித் தப்பிக்கலாம்.

"ஏங்க, நீங்க விழாவுக்கு வரவேணாம்."

"உன் விழாவுக்கு நான் வராம யார் வர்றது?"

"அப்ப கையக் கொண்டுவராதீங்க."

"எங்க வச்சுட்டு வர?"

யோசித்து, அவருடைய கோட்டுக்கு ஆழமான பை இரண்டு தைத்துக் கொடுத்தார் டீச்சர். உள்ளே நுழைந்ததிலிருந்து வீடு திரும்பும்வரை கை வெளியே வரக்கூடாது. கடிகாரக்காரர் சத்தியம் செய்ய வலது கையைத் தூக்கினார். "இதத்தான் சொல்றேன், கீழ இறக்குங்க," என்றார் டீச்சர்.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. படங்களில் முகங்கள் வித்தியாசம் வித்தியாசமாக மேலே. கீழே, மண்டபத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, கொடியில் காயப்போட்ட கையுறைகள் மாதிரி ஒரே கை. கடிகாரக்காரர் கோட்டுப்பைகளில் கையை விட்டபடி ஓரமாக நின்றார். தலைமையாசிரியை கைகொடுக்க வந்தார். இவர் கை கூப்பாமலே குனிந்து கும்பிட்டார். தேநீர் வந்தது, அக்கா கோப்பையை அவர் வாயில் வைத்துச் சாய்த்தார். "வீட்டுக்காரம்மாவுக்கு விழான்னதும் மனுஷனுக்கு என்ன மிதப்பு பாருங்க," என்று தபால்காரர் முணுமுணுத்தார்.

முதலில் கண்டுபிடித்தவர் நீதிபதியம்மா. ஆனால் அவர் கண்டுபிடித்தது வேறு.

"டீச்சர்," என்றார் உரத்த குரலில். "என் கையத் தூக்கி இந்தப் பல் டாக்டருக்கு வச்சிருக்கீங்களே, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கவேணாமா?"

"உங்க கையா?" என்றார் டாக்டர். "நல்லா பாருங்கம்மா. நகத்தப் பாருங்க. இது என் நகம்." கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"நான் நகம் வளத்ததப் பாத்துத்தானே நீங்க வளத்தீங்க?"

இசை வாத்தியார் நடுவில் புகுந்தார். "ரெண்டு பேரும் சும்மா இருங்க. இந்த மாதிரி விரல் வாத்தியம் வாசிக்கறவனுக்குத்தான் வரும். என் கையத்தான் எல்லாருக்கும் ஒட்டியிருக்காங்க. நான் பெருந்தன்மையா இருக்கேன், அவ்வளவுதான்."

படைத்தலைவர், இந்தப் பிடி வாள் பிடித்த பிடி என்றார். தபால்காரர், இந்தச் சுண்டுவிரல் முத்திரை குத்திக் குத்தி வளைந்தது என்றார். படங்களுக்குக் கீழே வரிசையாக நின்று, கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவரும் மற்றவர் எல்லாருக்கும் தன் கையை இரவல் கொடுத்துவிட்டதாகச் சண்டை போட்டார்கள். ரொட்டிக்கடையம்மா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"டீச்சரே சொல்லட்டும்," என்றார் நீதிபதியம்மா. "யார் கை இது?"

எல்லாத் தலையும் திரும்பியது. மூக்கு டீச்சரின் தலையும். யார் பெயரையாவது சொன்னால் போதும். அந்த ஒருவருக்குக் கௌரவம், மற்றவர்களுக்குக் கோபம், டீச்சருக்கு விடுதலை. டீச்சர் வாயைத் திறந்தார்.

அப்போது மண்டபக் கடிகாரம் மணி அடித்தது.

சுவரின் உச்சியில் தொங்கும் பெரிய ஊசல் கடிகாரம். மாதம் தவறாமல் எண்ணெய் போட்டுக் காப்பது கடிகாரக்காரர்தான். மணி நான்கு. நான்கு அடித்தது. ஐந்தும் அடித்தது. வாரமெல்லாம் சுவரில் ஆணி அடித்த அதிர்ச்சியில் உள்ளே இருந்த கொக்கி இடம் மாறிவிட்டது. மணியை நிறுத்த ஆள் இல்லை. பத்து, பன்னிரண்டு, பதினைந்து என்று போய்க்கொண்டே இருந்தது. பேச்சு நின்றது. சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

டீச்சர் கணவரைப் பார்த்தார். பிரசவ வலியில் இருக்கும் மகளின் குரலை வெளியே நின்று கேட்கும் தகப்பன் மாதிரி அவர் நின்றிருந்தார். நெற்றியில் வேர்வை. கோட்டுப்பைகள் இரண்டும் உள்ளே எலி பிடிபட்ட மாதிரி துடித்தன. ஒவ்வொரு அடிக்கும் அவர் தோள் ஒருதரம் குலுங்கியது. ஆனால் கை வெளியே வரவில்லை. கொடுத்த வாக்கு. அவரும் டீச்சரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லை, சும்மா பார்த்தார்.

எவ்வளவு வேடிக்கையான கல்யாணமானாலும் இப்படி ஒரு பார்வைக்கு அதில் இடம் இருக்கிறது. எத்தனையோ மாலை நேரங்கள் கேட்டதுமே நீண்ட கை அது. பசித்தபோதும், தூக்கம் வந்தபோதும் நீண்ட கை. ஒரு தடவையாவது டீச்சர் அதை எடுத்துக்கொள்ளச் சொன்னதுண்டா?

"போங்க," என்றார் டீச்சர், மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி. "கைய வெளிய எடுங்க."

ஏணி எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஏறாமலே மேலே போய்விட்டார் என்பாரும் உண்டு. கட்டைவிரல் நகத்தால் கண்ணாடிக் கதவை நெம்பினார். இடது கை பெண்டுலத்தைப் பிடித்தது. வலது கையின் இரண்டு விரல் உள்ளே போனது. சுண்டுவிரல், நுனி வளைந்து, தனியாக வெளியே நின்றது. ஒரு சின்ன 'க்ளிக்'. மண்டபம் அமைதியானது.

பெண்டுலம் மறுபடி ஆடத் தொடங்கியது. கீழே இருந்த எல்லாக் கண்ணும் அந்தக் கையைப் பார்த்தன. பிறகு சுவரைப் பார்த்தன. பிறகு தங்கள் கட்டைவிரலைப் பார்த்தன. உயர்ந்திருந்த கட்டைவிரல்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

மூக்கு டீச்சர் முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை நிதானமாக நடந்து பார்த்தாள். திரும்பி வந்து தன் ஆசிரியைக்கு முன்னால் நின்றாள்.

"இது யார் கை, டீச்சர்?"

அந்தக் கேள்வியின் தொனி டீச்சருக்கு நன்றாகத் தெரியும். அது அவருடைய தொனி.

"என் வீட்டுக்காரர் கை."

"அவர் கைய அவருக்கே விட்டுடுங்க."

முதலில் சிரித்தது அக்கா. பிறகு டீச்சர் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும். மண்டபமே சிரித்தது, ஏணி மேலிருந்து கடிகாரக்காரரும் சிரித்தார். கை ஆடவில்லை.

"பூஜ்யமா?" என்று கேட்டார் டீச்சர்.

"வேற என்ன குடுப்பேன்? ஒரு வருஷம் அதே பெஞ்சுல மறுபடி உக்காரணும். நான் உக்காந்த பெஞ்சு காலியாத்தான் இருக்கு."

"உனக்கு என்மேல வருத்தம் இல்லையா?"

"இருக்கு. அந்த வருஷம் முழுக்க என் தம்பி என்னைப் பாத்தா மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுவான், திருடிடுவேன்னு. ஆனா டீச்சர், நீங்க சொன்னது சரிதான். நீங்க செஞ்சதுதான் தப்பு. ரெண்டும் வேற வேற."

நீதிபதியம்மா ஏணிக்குக் கீழே போய் நின்று, இறங்கி வந்தவரின் கையை ஒருமுறை வாங்கிப் பார்த்தார். "இவ்வளவு வருஷம் பத்திரமா வச்சிருந்தீங்க. ரொம்ப நன்றி," என்றார், இரவல் கொடுத்த பொருளைத் திரும்பப் பெறுகிறவர் தோரணையில். படத்தைத் திருத்தித் தரும்படி அவர் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்கவில்லை. டாக்டர் மட்டும் நகத்தை வெட்டிக்கொண்டார். அவரிடம் கூட்டம் மறுபடி சேர்ந்தது.

ஓய்வுபெற்ற மறுவாரம், டீச்சர் பையும் கரித்துண்டுமாக மூக்கு டீச்சரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பக்கத்துச் சிறுமிகளைவிட மோசமாகத்தான் வரைந்தார். அறுபது வயதில் விரல்கள் மறுபடி பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகள் ஆகிவிட்டன. "விரலுக்கு நடுவுல இருக்கற சந்தப் பாருங்க, டீச்சர். விரலப் பாக்காதீங்க," என்று மூக்கு டீச்சர் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லும்போது, அவர் பணிவாகத் தலையாட்டிவிட்டு விரலைத்தான் பார்ப்பார். அதற்கு ஒருநாள் வகுப்புக்கு வெளியே கூட நிறுத்தப்பட்டார் என்று அக்கா சொல்கிறார். அக்கா சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். எந்தப் பாதி என்பதுதான் தெரியாது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் ரொட்டிக்கடையம்மா வகுப்புக்குள் வந்தார். மாவு ஒட்டிய முன்துணியோடு, மாதிரிக்கு உட்காரும் நாற்காலியில் கேட்காமலே உட்கார்ந்தார். இரண்டு கையையும் மேசைமேல் வைத்தார். தழும்புகள், தடித்த விரல்கள், ஒட்ட வெட்டிய நகம்.

"அன்னிக்கு வேணாம்னு சொன்னேன்ல. இப்பப் போடு."

"கடைக்கு ஆள் வராதுன்னீங்களே."

"வந்து முடிச்சாச்சு, போ. ஊரு முழுக்க வேற ஒருத்தர் கையோட சுத்துதுன்னு பாத்த பிறகு, என் கையாவது என்கிட்ட இருக்கட்டும்னு தோணிச்சு."

டீச்சர் மூன்று தாள்களைக் கிழித்தார். நான்காவது தாளில் ஏதோ வந்தது. ரொட்டிக்கடையம்மா எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், விரல் இவ்வளவு தடியா இருக்கு?"

"உங்க விரல் தடிதாம்மா."

ரொட்டிக்கடையம்மா தன் கையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். "ஆமா," என்றார் திருப்தியாக. "தடிதான்."

அன்று மாலை கடையைச் சாத்திவிட்டு வந்த கடிகாரக்காரர், வழக்கம்போலக் கை கழுவி, நாற்காலியில் உட்கார்ந்து, தலையணையை எடுத்து முட்டிமேல் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"இனிமே வேலை இல்லைங்க. எடுத்துக்குங்க," என்றார் டீச்சர்.

"இருக்கட்டும். எங்க வைக்கறதுன்னு தெரியல."

அக்கா தட்டோடு வாசலில் வந்து நின்றார். "இன்னிக்கு என் தம்பி யாரு?"

டீச்சர் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தடித்த விரல் ஒன்றின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"உங்க தம்பிதான், அக்கா."

"அப்ப அவனையே எடுத்துக் குடிக்கச் சொல்லு," என்று காபியை மேசைமேல் வைத்துவிட்டு அக்கா உள்ளே போனார்.